பாதித் தாளில் வந்த கற்பிதங்கள்

காந்தல், ஊட்டி
12.1.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு, அத்தா சர்தார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான், உன் அம்மா ஜுலைகா, தம்பி நௌமான் மூவரும் இறைவன் அருளால் நலம். உன் உடம்பும், போன மாதம் உன்னைப் பிடித்திருந்த இருமலும் எப்படி இருக்கின்றன?

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள், இது நௌமான் கையெழுத்து இல்லை. அவன் பலதடவை எட்டிப் பார்த்தான். "அத்தா, நான் எழுதித் தரட்டுங்களா? இல்லாட்டி இன்னைக்குள்ள முடியாது" என்றான். வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். மேலே உள்ள வரிகளுக்கே ஒரு காலைப்பொழுது ஆனது. உன் பெயர்தான் பெரிய தொந்தரவு. முதலில் 'நௌ', அப்புறம் 'ஷா'. இவ்வளவு கஷ்டமான பெயரை உனக்கு ஏன் வைத்தேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்கள் தெரு நூலகத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் பங்கஜம் டீச்சர், "படிச்சா மட்டும் பத்தாதுங்க பாய், யாருக்காச்சும் எழுதோணும்" என்றார். வகுப்பில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன்.

பைக்காரா படகுத்துறையில் இத்தனை வருடம் கடலை விற்றேன். பொட்டலம் மடிக்கும் தாளில் எழுத்து இருப்பது தெரியும். அது ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. இப்போது மடிப்பதற்கு முன் படித்துவிடப் பார்க்கிறேன். நேற்று ஒரு அம்மாள் படகுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டார். நான் ஒரு கொலை வழக்கின் நடுவில் இருந்தேன். அவரைக் காக்க வைத்துவிட்டேன்.

போனில் பேசிவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது. ஆகவே உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம். நீயும் கையால் எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப்போகும்
அத்தா சர்தார்

*

திருப்பூர்
21.1.2025

அன்புள்ள அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். இருமல் போய்விட்டது. அங்கே உறைபனி என்று கேள்விப்பட்டேன். காலையில் தலையில் மப்ளர் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கம்பெனியில் எல்லோரிடமும் காட்டினேன். "உங்கத்தா எழுத்து உன் எழுத்தவிட நல்லா இருக்குது" என்றார்கள். உண்மைதான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன், கடிதம் வசதியாகப் போயிற்று. எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கணக்குப் பார்ப்பவர் ஃபர்ஹீன். கணவர் சாலை விபத்தில் மவுத்தாகிவிட்டார். நாஜ்னீன் என்று ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது, இனி கல்யாணம் எதற்கு என்று இருந்தவன் நான். இப்போது வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்களும் அம்மாவும் சம்மதித்தால் நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளை என்னோடு ஒட்டுமா என்றுதான் கொஞ்சம் பயம். அதைப் பற்றி உங்களிடம் நேரில் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு என் ஸலாம். நௌமானை உங்களைக் கேலி செய்யாமல் இருக்கச் சொல்லவும்.

அன்பு மகன்
நௌஷாத்

*

காந்தல், ஊட்டி
2.2.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு அத்தாவின் ஸலாம். எல்லோரும் நலம், அதிலும் உன் கடிதம் வந்த பிறகு கூடுதல் நலம்.

சம்மதமா என்று கேட்டிருக்கிறாய்! படித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி சத்தமாகப் படித்தேன். அவள் அழுதுவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு கேட்டு எழுதுங்க, வர்றப்பச் செஞ்சு வெக்கோணும்" என்றாள். பெருநாளுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா.

இன்னொரு சந்தோஷம். பொட்டலத் தாளில் ஒரு அற்புதமான கட்டுரை கிடைத்தது. பாதித் தாள்தான். மறுபாதியில் கடலை போய்விட்டது. பரிணாம உளவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். நம் மனசு இப்படி இருப்பதற்குப் பழைய காலத்தில் காரணம் தேடுகிற படிப்பு. பாம்பைக் கண்டால் குதிக்கிறோம், லாரியைக் கண்டால் குதிப்பதில்லை, ஆனால் லாரியில்தான் நிறையப் பேர் சாகிறார்கள். ஏனென்றால் ஆதி மனிதனைப் பாம்பு கடித்தது, லாரி இடிக்கவில்லை. எவ்வளவு சரி!

நானும் ஒன்று கண்டுபிடித்தேன். படகுத்துறைக்கு வருகிறவர்கள் தண்ணீரைப் பார்த்ததும் கடலை கேட்கிறார்கள். ஆதி மனிதன் தண்ணீர் கிடைத்த இடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான். டீச்சரிடம் சொன்னேன். "பஸ்ல வந்த பசியா இருக்குமுங்க பாய்" என்றார். அவருக்குப் பொறாமை.

படித்த ஒன்றைப் பிழையில்லாமல் எழுதிவரச் சொல்லி வீட்டுப் பாடம். அந்தத் தாளில் "சில கற்பிதங்கள்" என்ற தலைப்பில் இருந்த பாடங்களை எழுதினேன். நல்ல பிரதியை உனக்கு வைத்திருக்கிறேன். பிழை பார்த்துச் சொல்.

ஒன்று, மனிதனின் குணமெல்லாம் கற்காலத்தில் முடிவாகிவிட்டது, இனி மாறாது. இரண்டு, இயற்கையாக உள்ளது எதுவோ அதுவே சரி. மூன்று, ஒவ்வொரு பளக்கத்துக்கும் ஒரு பழைய பயன் இருந்தே தீரும். நான்கு, தன் இரத்தம் அல்லாத பிள்ளையை ஒரு ஆணால் உண்மையாக நேசிக்க முடியாது, அவன் நேசிப்பதுபோல் இருப்பது தாயைப் பெறுவதற்கான உபாயமே.

நான்காவதை எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் 'உபாயம்' என்ற சொல் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார்.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் துஆ.

இப்படிக்கு மாணவன்
அத்தா சர்தார்

*

திருப்பூர்
9.3.2025

வீட்டில் அனைவருக்கும் ஸலாம். நலமே. நோன்பு நல்லபடியாகப் போகிறது.

ஆர்டர் நெருக்கடியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பெருநாளுக்கு வருவது சந்தேகம். நிக்காஹை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

பிழை பார்த்தேன். மூன்றாவதில் 'பழக்கம்' என்பதற்கு 'ழ' போட வேண்டும், 'ள' போட்டிருக்கிறீர்கள். நான்காவதில் பிழை எதுவும் இல்லை.

நௌஷாத்

*

காந்தல், ஊட்டி
6.4.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு அத்தாவின் ஸலாம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நான்காவதில் பிழையே இல்லை என்று எழுதினாய் அல்லவா, அதை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வகுப்பே கைதட்டியது. அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி இப்போது இல்லை.

பெருநாளுக்கு நீ வரவில்லை. உன் பங்கை உன் அம்மா தனியாக எடுத்து வைத்தாள், மறுநாள் நௌமான் சாப்பிட்டான். உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும் போன் என்ற என் சட்டத்தை நானே மீறி உனக்குப் போன் செய்தேன். வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அடுத்த முறையும் அதே. வாரக் கடைசியிலும் என்ன வேலை?

பெண் வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா? நான் கடலை விற்பது அவர்களுக்குக் குறைச்சலா? அப்படியானால் சொல், நான் வியாபாரத்தை நௌமானிடம் விட்டுவிட்டு வெறும் வாசகனாக இருக்கிறேன். இல்லை, அந்தப் பிள்ளை முகம் கொடுக்கவில்லையா? உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அதில் என்ன குறைகிறது என்று தெரியவில்லை. ஆனால் ஏதோ குறைகிறது.

பைக்காராவில் சீசன் தொடங்கிவிட்டது. கூட்டம் நிற்கிறது. நான் மடித்த பொட்டலம் அடியில் பிரிந்து கடலை கொட்டுகிறது. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

ஒரு வரியாவது எழுது.

அத்தா சர்தார்

*

திருப்பூர்
22.4.2025

மாமாவுக்கு ஃபர்ஹீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். நானும் என் மகள் நாஜ்னீனும் நலம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. இந்தக் கடிதம் உங்கள் மகனுக்குத் தெரியாது.

நிக்காஹ் ஏன் தள்ளிப்போகிறது என்று அவர் என்னிடம் நெடுநாள் சொல்லவில்லை. போன வாரம் சொன்னார். "உங்க புள்ளைய என்னால உண்மையா நேசிக்க முடியாதாமுங்க. நடிக்கத்தான் முடியுமாம். எங்கத்தாவே எழுதியிருக்காரு" என்று உங்கள் தாளை எடுத்துக் காட்டினார். படித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்கம்மாவ எங்கத்தா நிக்காஹ் பண்ணப்ப எனக்கு ரெண்டு வயசுங்க. என்னப் பெத்தவரு மொகம்கூடத் தெரியாது. உங்க புள்ளையப் பத்திக் கவலப்படாதீங்க, எப்படி இருக்கோணும்னு நான் கூட இருந்து பாத்து வளந்திருக்கறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் சரி என்றேன். இப்போது அதே மனிதர், தான் பார்த்து வளர்ந்ததெல்லாம் உபாயம் என்கிறார்.

நான் யாரையும் கெஞ்சவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன். நீங்கள் எழுதியது உண்மையென்றால் முன்கூட்டியே தெரிந்தது நல்லது. உண்மையில்லை என்றால் அவரிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

நாஜ்னீனுக்கு என்ன பிடிக்கும் என்று மாமி கேட்டிருந்தார்களாம். பால் கொழுக்கட்டை.

ஃபர்ஹீன்

*

காந்தல், ஊட்டி
1.5.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு அத்தாவின் ஸலாம். நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஃபர்ஹீன் எனக்கு எழுதியிருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நீங்க என்ன எழுதுனீங்க?" என்றாள். பாடத்தை ஒப்பித்தேன். "தன் ரத்தம் இல்லாத புள்ளைன்னு அவனுக்கா எழுதிப்போட்டீங்க?" என்றாள்.

"எவனுக்கு?" என்று கேட்டேன்.

"நௌஷாதுக்குங்க!"

"அவனுக்கென்ன?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. "எழுத்து தெரியாத வரைக்கும் நல்லாத்தான இருந்தீங்க" என்று அவள் சொன்னது தெரு முனை வரை என் பின்னாலேயே வந்தது.

மழையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். தாளை நீட்டி, இந்தப் பாடம் உண்மையா என்று கேட்டேன். அவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, "பாய், இதையா பாடம்னீங்க? கற்பிதம்னா ஆளுங்க இல்லாததக் கற்பனை பண்ணி நம்பறதுங்க" என்றார். கற்பது, கற்பிப்பது, கற்பித்தது, கற்பிதம், எல்லாம் ஒரே குடும்பம் என்றல்லவா நான் நினைத்தேன்! "அது வடமொழியில இருந்து வந்த சொல்லுங்க, உங்க கற்பித்தலுக்குச் சொந்தமே இல்ல" என்றார். எந்தச் சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று எழுத்தைப் பார்த்து எனக்கு எப்படித் தெரியும்?

நௌமான் அந்தக் கட்டுரையைப் போனில் தேடி எடுத்தான். தாளின் இடது பக்கம் கற்பிதங்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மை. அந்த வலது பக்கத்தைத்தான் நான் பொட்டலம் மடித்து யாருக்கோ விற்றுவிட்டேன்.

நான்காவதற்கு எதிரே இருந்ததை டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தந்தார். சொந்தமில்லாத தகப்பன் இருக்கிற வீடுகளில் கேடு சற்று அதிகம் என்று சிலர் கணக்கெடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கே சரியில்லை என்று வேறு சிலர் சண்டை போடுகிறார்கள். அது சரியாகவே இருந்தாலும், அப்படிப்பட்ட தகப்பன்மாரில் பெரும்பாலோர் எந்தக் கேடும் செய்யாதவர்கள் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. ஊரின் கணக்கு ஊருக்கு. அதை வைத்து ஒரு ஆளின் நெஞ்சைச் சொல்ல முடியாது. இன்னொன்றும் இருந்தது. சர்க்கரை நமக்கு இனிப்பதற்குப் பழைய காரணம் ஏதாவது இருக்கலாம். ஆனால் லட்டு தின்கிறவன் அந்தக் காரணத்துக்காகத் தின்பதில்லை, லட்டுக்காகத்தான் தின்கிறான். அவனைப் பிடித்து உன் உபாயம் எனக்குத் தெரியும் என்று சொல்லக் கூடாது.

என் தண்ணீர், கடலைக் கதையையும் கேட்டுவிட்டேன். காரணம் சொல்ல முடிகிறது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பொறாமை இல்லை போலிருக்கிறது.

எழுது மகனே. திட்டியாவது எழுது.

அத்தா சர்தார்

*

திருப்பூர்
25.5.2025

ஸலாம். அங்கே மழை அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். பாதுகாப்பாக இருக்கவும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

சொல்லின் அர்த்தம் மாறிவிட்டது. சரி. ஆனால் நான் மூன்று மாதம் அதோடு குடியிருந்துவிட்டேன். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கிறது. தேர்த்திருவிழாவில் நௌமானைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேர்க்கடைக்குப் போனீர்கள், நான் பக்கத்தில் நடந்து வந்தேன். அவன் ஊட்டியிலேயே படித்தான், நான் பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தேன். அவனை அடித்ததைவிட என்னை அதிகம் அடித்தீர்கள். முன்பு இவையெல்லாம் வெறும் நடந்தவை. இப்போது சாட்சிகள்.

உங்களைச் சந்தேகப்பட்டதுகூடப் பெரிதில்லை. நாஜ்னீன் ஒருநாள் என் போனைத் தண்ணீர் வாளியில் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உடனே, என் இரத்தமாக இருந்தால் இவ்வளவு கோபம் வருமா என்று நினைத்தேன். இன்னொரு நாள் மிட்டாய் வாங்கினேன். இது அவளுக்காகவா, அவள் அம்மாவுக்காகவா என்று கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். கோபமும் பட முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. என் கையை நானே வேவு பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு எப்படி வாழ்வது? அதனால்தான் விலகிக்கொண்டேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். உறையில் ஏன் எப்போதும் 'ச. நௌஷாத்' என்று எழுதுகிறீர்கள்? என்னைப் பெற்றவர் காதர். என் இனிஷியல் 'கா'. சான்றிதழிலும் கம்பெனி அட்டையிலும் அதுதான். முதல் கடிதம் வந்தபோது வாட்ச்மேன் பிராங்ளின், "கா. நௌஷாத்துதான் இருக்காருங்க, ச. நௌஷாத்னு இங்க யாருமில்ல" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். அதே கடிதத்தில் எனக்குப் பெயர் வைத்ததும் நீங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று சிரித்தேன். பிறகு, இதுவும் பார்ப்பவர்களுக்காகச் செய்வதோ என்று தோன்றியது.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்த நான்காவது வரியை எழுதும்போது உங்களுக்கு என் நினைவு வரவே இல்லையா?

நௌஷாத்

*

காந்தல், ஊட்டி
3.6.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு அத்தாவின் ஸலாம். மழை விடவில்லை. படகு ஓடாததால் நான் வீட்டில்தான். எழுத நேரம் இருக்கிறது, பொறுமைதான் இல்லை. அடித்து அடித்து எழுதி இரண்டு தாள் வீணாகிவிட்டது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. வரவே இல்லை. உன் அம்மாவை நிக்காஹ் செய்தபோது நீ இருந்தாய் என்பது எனக்குத் தெரியும், மறக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் உன்னை நினைத்தால் அது கூட வருவதில்லை. அந்த வரியை எழுதும்போது யாரோ ஊர் பேர் தெரியாத ஆதி மனிதனைப் பற்றி என்று நினைத்து எழுதினேன்.

இனிஷியல். வகுப்பில் டீச்சர், "தகப்பன் பேரோட மொத எழுத்துங்க" என்று சொல்லித் தந்தார். அன்றே உன் பெயரை எழுதிக் காட்டினேன். 'ச' போட்டேன். அவருக்கு விவரம் தெரியாது, சரி போட்டுவிட்டார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது நீ எழுதிய பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து உன் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் படித்தேன். 'கா' என்றுதான் இருக்கிறது. முன்பு அதை எத்தனையோ தடவை கையில் பிடித்திருக்கிறேன், எனக்கு அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. யார் பார்க்கவும் செய்யவில்லை மகனே, தெரியாமல் செய்தேன். பெற்றவருக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டது தவறு. இந்த உறையில் 'கா' போட்டிருக்கிறேன். பேனா போக மறுத்தது, ஆனாலும் போட்டுவிட்டேன்.

இனி உன் சாட்சிகள். தேர்க்கடைக்குப் போனபோது நௌமானுக்கு நடக்கத் தெரியாது. உனக்கு ஏழு வயது, கடலைக் கூடையை விடக் கனம். திருப்பூருக்கு நான் அனுப்பவில்லை. உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைக்காராவுக்குச் சுற்றுலா வந்து, நீ கடலை விற்பதைப் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கே இருக்கமாட்டேன் என்று நீதான் சாப்பிடாமல் கிடந்தாய். அடித்தது உண்மை. உன்னை அதிகம் அடித்தேன். நீ மூத்தவன், முதலில் மாட்டினாய், அவனுக்கு வருவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. இது காரணமா, நானும் ஒரு கதை கட்டுகிறேனா, தெரியவில்லை.

நௌமானை முதன்முதலில் தூக்கியபோது வேறு மாதிரி இருந்ததா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இருந்தது. ஈரத் துண்டுபோல் இருந்தான், நழுவிவிடுவானோ என்று பயந்தேன். உன்னை முதன்முதலில் தூக்கியபோது நீ என் காதைக் கடித்தாய். உன்மேல் கோபமே வந்தது. அந்தக் கோபம் எந்த இரத்தத்திலிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. காது வலித்தது, அவ்வளவுதான். அப்போது அந்தத் தாள் என் கையில் கிடைத்திருந்தால் நானும் உன்னைப்போல் கடை வாசலில் நின்றிருப்பேனோ என்னவோ. நல்லவேளை, எனக்குப் படிக்கத் தெரியாது.

உபாயம் பற்றி உன் அம்மாவிடம் சொன்னேன். "உபாயமா? இவருக்கா? மீதிச் சில்லறை ஒழுங்காக் குடுக்கத் தெரியாத மனுசனுக்கு உபாயம் வேறயா?" என்றாள்.

நாஜ்னீன் போனைத் தண்ணீரில் போட்டால் கோபப்படு. எல்லோருக்கும் வரும்.

பக்ரீதுக்கு வருவாயா என்று கேட்க மாட்டேன்.

சர்தார்

*

திருப்பூர்
30.6.2025

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மழையில் நனைந்து சளி பிடித்திருக்கிறது என்று நௌமான் சொன்னான். டீச்சரிடம் விடுப்புச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

'கா. நௌஷாத்' என்று வந்த உறையைப் பார்த்ததும் யாரிடமிருந்தோ என்று நினைத்து மேசையிலேயே போட்டுவிட்டேன். கம்பெனிக் காகிதங்களோடு இரண்டு நாள் கிடந்தது. இனிமேல் பழையபடியே எழுதுங்கள். சான்றிதழில் இருப்பது சான்றிதழில் இருக்கட்டும், பெற்றவருக்கு அந்த இடம் போதும். உறையில் 'ச' வந்தால் எனக்குத்தான் என்று பிராங்ளினிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

ஃபர்ஹீன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார். "அத்தாவும் மகனும் எழுதி முடிச்சுட்டீங்களா? நாலு மாசம் என்னைத் தொங்கல்ல விட்டீங்க, இப்ப நான் யோசிக்கறனுங்க" என்றார். நாள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாஜ்னீனுக்குச் சைக்கிள் பழக்கிவிடச் சொல்லியிருக்கிறார்.

நேற்று அவள் பிரேக் பிடிக்காமல் நேராகச் சாக்கடைக்குள் விட்டாள். "கண்ணு எங்கடி இருக்குது?" என்று கத்திவிட்டேன். "நீங்கதான புடிச்சுக்கறேன்னீங்க!" என்று அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். வீட்டுக்கு வந்து சட்டையில் இருந்த சேற்றைக் கழுவும்போதுதான், அந்தக் கோபத்தை நான் விசாரிக்க மறந்துவிட்டேன் என்பது தெரிந்தது.

ஒரு சங்கடம். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இந்தா" என்கிறாள், "சைக்கிள்" என்கிறாள். எனக்கும் சொல்லிக்கொடுக்க வாய் வரவில்லை. நான் உங்களை முதலில் எப்படிக் கூப்பிட்டேன்?

அன்பு மகன்
நௌஷாத்

*

காந்தல், ஊட்டி
6.7.2025

அன்பு மகன் நௌஷாதுக்கு, அத்தாவின் ஸலாம். சளி இறங்கிவிட்டது. உன் அம்மாவும் நௌமானும் நலம். ஃபர்ஹீனும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும், யோசிக்கிறவர் நன்றாக யோசிக்கட்டும்.

உன் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீ என்னை வேறு விதமாகக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே வரவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். "மறந்தே போச்சுங்களா? அவன் உங்கள ஏனுங்கன்னுதான கூப்புட்டான்!" என்றாள்.

அப்புறம்தான் வந்தது. அவள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நீ நினைத்துக்கொண்டாய். மார்க்கெட்டில் கூட்டத்துக்கு நடுவே கையை விட்டுவிட்டு, "ஏனுங்க! ஏனுங்க!" என்று அலறுவாய். கறிக்கடைக்காரர், "சர்தாரு, சம்சாரம் கூப்புடறாங்க, காது கேக்கலீங்களா?" என்பார். அந்த வரிசைக் கடை முழுக்கச் சிரிக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். திரும்பிப் பார்க்காமல் போய்விடலாமா என்றுகூட இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நீ கூப்பிட்டது என்னைத்தானே, வேறு யார் திரும்புவார்கள்?

எந்த நாளில் அதை அத்தா என்று மாற்றினாய் என்று அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நீ எதுவும் சொல்லிக்கொடுக்காதே. இந்தா என்றாலும் சைக்கிள் என்றாலும் உடனே திரும்பிப் பார்.

அத்தா சர்தார்